குளிர்த்திக்கு அடுத்த ஞாயிறு

கையைத் தூக்கிக்கொண்டு நிண்டான் கனகு. வலது கக்கத்துக்குக் கீழ சேட்டு ஒரு சாண் கிழிஞ்சு தொங்கினது. சனிக்கிழமை பின்னேரம். விடிஞ்சா மாவட்ட இறுதி ஆட்டம்.

கழட்டித் தாடா எண்டன். மாட்டானாம். அந்தச் சேட்டைப் போட்டுத்தான் காலிறுதியும் அரையிறுதியும் வெண்டதாம், கோப்பை கைக்கு வருமட்டும் கழட்டவும் மாட்டானாம், தோய்க்கவும் மாட்டானாம். வேர்வையும் வாவித் தண்ணியும் காய்ஞ்சு ஒரு மணம் வந்துது பாருங்க, நான் மூக்கைப் பொத்திறதா ஊசியைப் பிடிக்கிறதா எண்டு தெரியாம நிண்டன்.

உடம்பில கிடக்கிற உடுப்பைத் தைக்கிறது எங்கட பக்கத்தில ஆகாத காரியம். தைச்சே ஆகவேணும் எண்டா, போட்டிருக்கிற ஆள் வாயில ஒரு நூல் துண்டைக் கடிச்சுக்கொண்டு நிக்கவேணும். தைச்சு முடியுமட்டும் ஒரு சொல்லுப் பறையப்படாது. கனகுவுக்கு வாயை மூடிக்கொண்டு நிக்கிறது எண்டா பெரிய தண்டனை. நூலைக் கடிச்சபடியே 'ம்ம், ம்ம்' எண்டு எனக்கு ஏதோ விளக்கம் சொல்லப் பார்த்தான். ஊசியால மெல்லமா ஒரு குத்துக் குடுத்தன். அதுக்குப் பிறகு அசையல்ல.

இதை ஏன் முதல்ல எழுதிறன் எண்டா, அரசாங்க முத்திரை குத்தின கடுதாசி ஒண்டு வேற கதை சொல்லுது. கனகு அந்தச் சனிக்கிழமைக்கு மூண்டு நாளைக்கு முதலே, புதன்கிழமையே செத்துப்போனானாம். அப்ப என்ட மெசினுக்கு முன்னால கையைத் தூக்கிக்கொண்டு நிண்டது ஆரு?

ஐம்பதை எண்ணினது ஆரு?

எங்கட ஊர் ஆரையம்பதிக்குப் பக்கத்தில. ஊரில ஒரு எல்லேக் கழகம் இருக்கு. எல்லே தெரியாதவங்களுக்குச் சொல்றன். மூங்கில் பொல்லால ரெனிஸ் பந்தை அடிச்சுப்போட்டு, நட்டிருக்கிற கம்பங்களைச் சுத்தி ஓடி வரவேணும். ஓடுறவனுக்குப் பந்தால எறிஞ்சு பட்டா அவுட். அடிச்ச பந்தை ஏந்திப் பிடிச்சாலும் அவுட். பந்து போட்டுக் குடுக்கிறது எதிர்ப்பக்கத்து ஆள் இல்ல, அடிக்கிறவன்ட கட்சி ஆளேதான். கனடாவில இருந்து வந்த ஒரு மருமகன் கொஞ்ச நேரம் பார்த்துப்போட்டு, இது பேஸ்போல்தானே எண்டார். எங்கட ஆக்கள் அவரோட அரை மணித்தியாலம் சண்டை பிடிச்சாங்க.

நான் ஒரு நாளும் பொல்லுத் தொட்டவள் இல்ல. நான் தையல்காரி. ஆனா இந்தக் கழகம் போட்ட சேட்டு அத்தனையும் என்ட கையால தைச்சது. அதனால எனக்கு எல்லாம் தெரியும் எண்டு ஊருக்கு ஒரு எண்ணம்.

இந்த வருசம் கழகத்துக்கு ஐம்பதாம் ஆண்டாம். மலர் ஒண்டு போடுறாங்களாம். அதில 'கழக வரலாற்றில் முக்கிய தினங்கள்' எண்டு ஒரு பக்கம் வரவேணுமாம். செயலாளர் சுகிர்தன், ரவுணில வங்கியில வேலை செய்யிற ஆள், வெட்டின நகம்மாதிரி ஒழுங்கானவன், ஒரு கோப்போட கடைக்கு வந்தான். மாமி, திகதியளைச் சொல்லுங்க, எழுதிறன் எண்டான். அண்டைக்குப் பிடிச்ச தலையிடி எனக்கு இன்னும் முழுசா விடல்ல.

கழகத்துக்கு ஒரு கூட்டக் குறிப்புப் புத்தகம் இருந்தது. கடல் வந்த அண்டைக்கு, சுனாமியில, அதுவும் கோப்பையளும் அலுமாரியோட போயிற்று. அதுக்குப் பிறகு கழகத்தின்ட வரலாறு முழுக்க ஆக்களின்ட வாயிலதான் இருக்கு. அந்த வாயளைப் பற்றி இனிச் சொல்றன்.

ஞாயிற்றுக்கிழமை கழகக் கட்டடத்தில கூட்டம் வைச்சாங்க. பிளாஸ்ரிக் கதிரை, ஒரு மூலையில கிறுகிக்கொண்டிருக்கிற காத்தாடி, பிளேன்ரீ. சுகிர்தன் முதல் கேள்வியைக் கேட்டான். கழகம் தொடங்கினது எப்ப?

சூறாவளிக்குப் பிறகு எண்டு நாலு பேர். தென்னந்தோட்டம் பாறி விழுந்த இடத்திலதானே மைதானம் வந்தது, தென்னை நிக்கேக்க எங்க விளையாடுறது எண்டு அவங்கட வாதம். இல்ல, சூறாவளிக்கு முதல் எண்டு வேற நாலு பேர். மைதானம் வரமுதல் வாவிக்கரையில விளையாடினமே, அது கழகம் இல்லாம என்ன கழுதையா எண்டு அவங்கட வாதம். ஒரு கிழவன் எழும்பி, எனக்கு முதல் பல்லு விழுந்த வருசம் எண்டார். அவரை இருத்திப்போட்டாங்க.

வருசம் சொல்லுங்க, வருசம், வருசம் எண்டு சுகிர்தன் கெஞ்சினான். ஒருத்தருக்கும் வருசம் தெரியல்ல. சூறாவளி வருசம் மட்டும் அவன்ட போனில கிடந்தது. அதுக்குப் பிறகெண்டு வைச்சா ஐம்பது இன்னும் வரவே இல்ல. ஆனா 'ஐம்பதாவது ஆண்டு நிறைவு' எண்டு பதாகை அடிச்சு வாசலில கட்டியும் ஆச்சு. பதாகையைத் திருப்பி அடிக்க ஏலாது எண்ட ஒரே காரணத்தால கழகத்துக்கு ஐம்பது வயசு எண்டு ஏகமனதாத் தீர்மானிச்சாங்க. நான் தலையில கையை வைச்சுக்கொண்டு இருந்தன்.

என்ட கொப்பியின்ட இலட்சணம்

எனக்கு அந்தக் கூட்டத்தில ஒரு மிதப்பு இருந்தது, பொய் சொல்லல்ல. நீங்க எல்லாரும் வாயால அளக்கிறீங்க, நான் எழுதி வைச்சிருக்கன், அளவுக் கொப்பியைக் கொண்டு வாறன் பாருங்க எண்டு சொல்லிப்போட்டு வந்தன்.

எனக்குக் காலத்தை நிறத்தாலதான் தெரியும். முதல்ல சேட்டே இல்ல. வெள்ளைப் பெனியனில நீலக்கரை வைச்சுத் தைச்சன். தோய்க்கத் தோய்க்க நீலம் இறங்கி, கடைசியில பதினாறு பேரும் மழை மேகம்மாதிரி ஒரே சாம்பல். அதுக்குப் பிறகு மெரூன் வேணும் எண்டாங்க. கடைக்காரன் மெரூன் எண்டு கட்டித் தந்ததை வீட்ட வந்து அவிழ்த்துப் பார்த்தா கத்தரிக்காய் நிறம். மாத்தித் தரமாட்டானாம், வெட்டின துணியாம். கோப்பை வெண்டது அந்தக் கத்தரிக்காயிலதான். மறுகா பச்சை. அந்தப் பச்சைத் துணி வேர்த்தா முதுகில ஒட்டும், கழட்ட ரெண்டு பேர் வேணும். அதைப் போட்ட காலம் ஒரு ஆட்டமும் வெல்லல்ல.

மெசின் லாச்சிக்கு அடியில இருந்து கொப்பியை எடுத்தன். கரப்பான் திண்ட மட்டை. கனகுவின்ட பக்கம் வந்தது. தோள், மார்பு, நீளம், எல்லாம் இருக்கு. மேல திகதி எழுதிற இடத்தில என்ட கையெழுத்தில 'சடங்குக்கு முதல் வெள்ளி' எண்டு கிடக்கு. எந்த வருசச் சடங்கு? எழுதல்ல. அடுத்த பக்கம் 'வெள்ளம் வடிஞ்ச பிறகு'. அதுக்கடுத்தது 'தங்கச்சிக்கு மூத்தது பிறந்த கிழமை'.

கூட்டத்தில அத்தனை பேரையும் மனசுக்க திட்டிப்போட்டு வந்தவள் நான். எனக்கு வந்த வெக்கத்தையும் ஆத்திரத்தையும் என்னெண்டு சொல்ல. கொப்பியை மூடி லாச்சிக்க எறிஞ்சன்.

சடங்கு எண்டு நான் எழுதினது கண்ணகை அம்மன் கோயில் வைகாசிச் சடங்கை. கதவு திறந்து, கடைசி நாள் குளிர்த்தி பாடி முடியுமட்டும் ஊர் முழுக்க மீன் இல்ல, இறைச்சி இல்ல. எங்கட ஆக்களுக்கு வருசமே அதிலதான் தொடங்கி அதிலதான் முடியுது. கலியாணம், கடன், வேளாண்மை வெட்டு, எல்லாம் சடங்குக்கு முதல், குளிர்த்திக்குப் பிறகு எண்டுதான் பேச்சு. ஆனா ஒரு விசயம் இருக்கு. எல்லா ஊருக்கும் ஒரே நாளில குளிர்த்தி இல்ல. ஒரு ஊரில முடிஞ்ச பிறகுதான் அடுத்த ஊரில. இதை மனசில வைச்சிருங்க, இதாலதான் எல்லா வில்லங்கமும்.

செத்தவர் ஓடினது எப்பிடி?

ரெண்டு கிழமை கழிச்சு சுகிர்தன் அடிச்ச பக்கத்தைக் கொண்டு வந்து காட்டினான். நடுவில தடிச்ச எழுத்தில இப்பிடிக் கிடந்தது: மாவட்ட இறுதி ஆட்டத்தில் எமது இன்றைய தலைவர் வேலுப்பிள்ளை அவர்கள் கடைசிச் சுற்றை ஓடி முடித்து வெற்றிக் கிண்ணத்தை ஈட்டித் தந்தார்.

எனக்கு விசர் வந்திட்டு. வேலுவண்ணன் ஓடினாரா? அவர் அந்த ஆட்டத்தில பந்து போட்டுக் குடுத்தவர். ஓடினது கனகு. நான் கண்ணால கண்டவள். கனகுவின்ட பேர் எங்க எண்டு கேட்டன். வெண்ட கட்சிப் பதினாறு பேரில பதினைஞ்சு பேர்தான் கிடந்தது.

சுகிர்தன் கோபப்படல்ல. கோப்புக்குள்ள இருந்து ரெண்டு போட்டோக் கொப்பி எடுத்து மேசையில பக்கத்தில பக்கத்தில வைச்சான். ஒண்டு வெற்றிச் சான்றிதழ், வேலுவண்ணன்ட வீட்டில தப்பிக் கிடந்தது, திகதி இருக்கு. மற்றது கனகுவின்ட, கனகரெத்தினம் எண்டு முழுப் பேர் போட்ட மரணச் சான்றிதழ். அஞ்சலிப் பக்கத்துக்கு எண்டு கனகுவின்ட மனிசி தவமணி படத்தோட குடுத்தது. அதிலயும் திகதி இருக்கு.

"மாமி, புதன்கிழமை இறந்தவர் ஞாயிற்றுக்கிழமை என்னெண்டு ஓடினவர்?"

ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தன். நான் கண்டது பொய்யா? எனக்கு மூளை பிசகிட்டா? பத்து ஆக்கள் பத்து விதமாச் சொல்றதை நான் எழுத ஏலாது மாமி, ஆவணத்தில இருக்கிறதைத்தான் எழுதலாம் எண்டான். அவனைப் பிழை சொல்லவும் ஏலாது. அதுதான் எனக்குக் கூட எரிச்சல்.

அண்டைக்கு நடந்ததை எழுதிறன். ரெண்டு கட்சிக்கும் சுற்று சமன். எங்களுக்கு மிச்சம் ஒரு அடி. வேலுவண்ணன் பந்து போட, கனகு பொல்லை வீசினான். பந்து பாலைமரத்துக்கு அங்கால போச்சு. சனம் எழும்பிட்டு. முதல் கம்பம், ரெண்டாம் கம்பம், மூண்டாம் கம்பம். நில்லுடா, நில்லுடா எண்டு எங்கட ஆக்களே கத்திறாங்க, பந்து திரும்பி வந்திட்டு. கம்பத்தடியில நிண்டா தப்பலாம், ஆனா கோப்பை இல்ல. அவன் நிக்கல்ல. எறிஞ்ச பந்து அவன்ட வலது கக்கத்துக்குப் பக்கத்தால போனது. சேட்டில பட்டதா இல்லையா எண்டு நடுவர் யோசிச்ச அந்த ஒரு கணம், எனக்கு நினைப்பெல்லாம் நான் போட்ட தையலிலதான். தையல் விட்டு, துணி விரிஞ்சு, பந்து அதில உரசியிருந்தா எங்கட கதை முடிஞ்சுது. நடுவர் கையை விரிச்சார். படல்ல.

மூண்டு நாள் கழிச்சு, புதன்கிழமை, கனகு தோணியில வாவிக்கு அங்கால படுவான்கரைக்குப் போனான். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டையில அவனுக்கு ஒரு துண்டு வயல். தண்ணி பார்த்துப்போட்டு மத்தியானம் வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். வரல்ல. சண்டை நடந்த அந்தக் காலத்தில போனவங்க எத்தினை பேர் வரல்ல. ஆரைக் கேட்கிறது, எங்க தேடுறது. தவமணி தேடாத இடம் இல்ல.

உடம்பில போட்ட உடுப்பைத் தைச்சனே எண்டு நான் எத்தினை வருசம் எனக்குள்ள குமைஞ்சன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இப்பதான் முதல் தரம் எழுதிறன்.

பந்து போட்டவர்

நேரா வேலுவண்ணன் வீட்ட போனன். சாய்மனைக் கதிரையில காலை நீட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தைக் காட்டி, இது என்ன அநியாயம் எண்டு கேட்டன். கண்ணாடியைப் போட்டு வாசிச்சார். ரெண்டாம் தரமும் வாசிச்சார். எனக்கு நல்லாத் தெரியும், முதல் தரமே விளங்கினது, ரெண்டாம் தரம் வாசிச்சது ருசிக்கு.

நான் எழுதச் சொல்லல்ல புள்ள, சுகிர்தன்தான் எழுதினவன் எண்டார். சரி, நீங்க திருத்தச் சொன்னீங்களா? சொல்லல்ல. ஏன்? நான் போட்டுக் குடுத்த பந்தைத்தானே அவன் அடிச்சவன் எண்டாரே பார்க்கலாம்.

எழுபது வயசு மனிசன். தலைவர். மாலை போடுறதுக்கெண்டே ஒரு வெள்ளைச் சேட்டு வைச்சிருக்கிறவர். நானும் விடல்ல. அப்ப அந்தப் பந்தைச் செய்தவனின்ட பேரையும் போடுங்க, கத்தரிக்காய்ச் சேட்டுத் தைச்ச என்ட பேரையும் போடுங்க எண்டன். வாற வழியில வாசல் படலையை ஓங்கிச் சாத்தினன். அது பழைய படலை, கழண்டு விழுந்திட்டு. அதைத் திரும்பி நட்டுப்போட்டு வரவேண்டியதாப் போச்சு. எனக்குக் கோபம்கூட ஒழுங்காப் பட வராது.

ஒரு கிழமை

தவமணியின்ட வீடு வாவிக்கரைப் பக்கம். பின்னேரம் போனன். முத்தத்தில இறால் கருவாடு காயவைச்சிருந்தா. இருங்க கா எண்டு பாயைப் போட்டா. அந்தக் கடுதாசியைப் பற்றிக் கேட்டதும் முகம் ஒருமாதிரிப் போயிற்று.

மகளுக்குக் கலியாணம் பேசின நேரமாம். எங்கட வழக்கப்படி வீடும் வயலும் பெண் பிள்ளைக்கு எழுதவேணும். வயல் கனகுவின்ட பேரில. ஆளும் இல்ல, செத்ததுக்கு அத்தாட்சியும் இல்ல. அதுவரைக்கும் தவமணி எத்தினையோ பேர் சொல்லியும் அந்தச் சான்றிதழை எடுக்கமாட்டன் எண்டு நிண்டவ. பிள்ளைக்காகப் போனா. பதிவுக் கந்தோரில இருந்த எழுதுவினைஞர் நல்ல மனிசனாம், கதிரை குடுத்து இருத்தி, தண்ணியும் குடுத்தவராம். கடைசியாக் கண்டது எப்ப அம்மா எண்டு கேட்டிருக்கிறார். திகதி தவமணிக்கு என்னெண்டு தெரியும்? வருசத்தைச் சொல்லி, குளிர்த்தி முடிஞ்சு ஒன்பதாம் நாள் புதன்கிழமை எண்டு சொல்லியிருக்கிறா.

அவருக்கும் அது நல்லா விளங்கினது. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தானே. பழைய பஞ்சாங்கத்தை எடுத்து, குளிர்த்தியைப் பார்த்து, ஒன்பதாம் நாள் எண்ணி, புதன்கிழமைதான் எண்டு சரி பார்த்து எழுதிக் குடுத்திட்டார். அவர் எண்ணினது அவர்ட ஊர்க் குளிர்த்தியில இருந்து. அது எங்கட ஊர்க் குளிர்த்திக்குச் சரியா ஒரு கிழமை முதல்.

நான் நெஞ்சில கையை வைச்சிட்டன். வெளியூர் ஆள் ஒருத்தன் அந்தக் கதிரையில இருந்திருந்தா, குளிர்த்தி எண்டா என்ன எண்டு கேட்டிருப்பான், பிழை வந்திராது. நல்லாத் தெரிஞ்ச மனிசன், அன்பா, அக்கறையா எண்ணி, கனகுவின்ட ஆயுளில ஒரு கிழமையை வெட்டிப்போட்டார்.

தவமணிக்கு இது விளங்கினது, மகளின்ட மாமியார் வீட்டில திவசம் வைக்க நாள் குறிச்சபோதுதான். கடுதாசித் திகதிக்குச் சோறு படைக்க ஆயத்தம் பண்ணியிருக்கிறாங்க. அது இல்ல நாள் எண்டு தவமணி சொல்லிப் பார்த்தா. மருமகன், மாமி, அரசாங்கம் எழுதினதுதான் கணக்கு எண்டிட்டாராம். ஒவ்வொரு வருசமும் அதே திகதி.

"அந்தப் புதன்கிழமை குளிர்த்தி முடிஞ்சு ரெண்டாம் நாள் கா. அத்தனை நாள் விரதத்துக்குப் பிறகு அவர்தான் வாவியில ஓரா மீன் பிடிச்சுக்கொண்டு வந்தவர். நான் புட்டு அவிச்சு ஆணம் காய்ச்சினனான். ரெண்டு தரம் வாங்கித் திண்டவர். அண்டைக்கு அவர் செத்திட்டாராம்."

நான் எதிர்பார்க்காத இடத்தில என்ட வாய் திறந்திட்டு. சனிக்கிழமை உடம்பில வைச்சே சேட்டைத் தைச்ச கதையைச் சொன்னன். அதாலயோ எண்டு நினைச்சு நினைச்சுக் கிடந்ததையும் சொன்னன். தவமணி என்னை ஒரு பார்வை பார்த்தா. நூல் கடிச்சவர்தானே கா எண்டா. வீட்ட வந்தும் துப்ப மறந்து பல்லில கிடந்ததாம், கத்தரிக்காய் நிறத்தில ஒரு நூல், அவவேதான் இழுத்து எடுத்ததாம்.

எனக்கு அழுகை வந்திட்டு. அழுதன். இதில மறைக்க என்ன இருக்கு.

பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டுக் கேட்டன், உனக்கு என்ன வேணும், சொல்லு எண்டு. பேரைப் போடுங்க கா, அவர் ஓடினவர் எண்டு எங்கயாவது ஒரு இடத்தில எழுதிக் கிடக்கவேணும் எண்டா. ஆனா அந்தக் கடுதாசிக்கு ஒண்டும் வந்திரப்படாதாம். ஆட்டத்தின்ட திகதியோட கனகுவின்ட பேர் அச்சில வந்தா, கடுதாசி பிழை எண்டு ஆராவது கிளப்பி, மகளுக்கு எழுதின வயல் உறுதிப் பத்திரத்தில கை வைச்சா? அப்பிடிச் செய்ய ஏலுமோ எண்டு எனக்குச் சட்டம் தெரியாது. பயம் எனக்குத் தெரியும். பேரும் வேணும், திகதியும் வரப்படாது. நல்ல வேலை தந்தா எனக்கு.

திகதி இல்லாத பக்கம்

நாலு நாள் எல்லாரையும் திட்டிக்கொண்டு மெசின் மிதிச்சன். எழுதுவினைஞரை, மருமகனை, வேலுவண்ணனை, வருசம் தெரியாத கிழவங்களை. அப்பதான் லாச்சியைத் திறக்க, எறிஞ்சு கிடந்த கொப்பி கையில தட்டுப்பட்டது. சடங்குக்கு முதல் வெள்ளி. வெள்ளம் வடிஞ்ச பிறகு. எனக்கு வெக்கத்தைத் தந்த அதே எழுத்து.

அடுத்த கூட்டத்தில எழும்பிச் சொன்னன். முக்கிய தினங்கள் பக்கத்தில ஒரு திகதியும் போடாதீங்க. நாங்க வாயால சொல்றமாதிரியே போடுங்க. கழகம் தொடங்கினது: சூறாவளியில தென்னை விழுந்த பிறகு எண்டும் சொல்லுவர், முதல் எண்டும் சொல்லுவர். கோப்பை வெண்டது: கத்தரிக்காய்ச் சேட்டுக் காலம், குளிர்த்திக்கு அடுத்த ஞாயிறு. அலுமாரி போனது: கடல் வந்த அண்டைக்கு. அஞ்சலிப் பக்கத்திலயும் படமும் பேரும் மட்டும் போதும்.

சுகிர்தன் எழும்பிட்டான். மாமி, மலர் லண்டன், கனடா எல்லாம் போகுது, படிக்கிறவங்க சிரிப்பாங்க, இது வரலாறா எண்டு கேட்பாங்க எண்டான். அங்க இருக்கிற எங்கட ஊர் ஆக்களுக்கு குளிர்த்தி எப்ப எண்டு தெரியும், தெரியாதவங்களுக்கு எங்கட கோப்பை எப்ப வந்தா என்ன எண்டன். அவன் விடல்ல. சரி, அது இருக்கட்டும், கனகரெத்தினத்தின்ட பேரைப் போடுறதுக்கு என்ன ஆதாரம் எண்டான். தவமணி சொன்னதை நான் அங்க விரிச்சுச் சொல்ல ஏலாது. அவன்ட கோப்புக்கு முன்னால என்னட்ட ஒண்டும் இல்ல.

அப்ப வேலுவண்ணன் எழும்பினார். முழங்கால் வருத்தக்காரன், கதிரையைப் பிடிச்சு மெல்ல எழும்பினார்.

"ஓடினது கனகு. நான் பந்து போட்டனான், அவ்வளவுதான். ஆதாரம் வேணுமெண்டா என்ட பேரை வெட்டிப்போட்டு அதில எழுது."

பிறகு ஒவ்வொருத்தரா, ஓம், கனகுதான், பாலைமரத்துக்கு அங்கால அடிச்சவன் எண்டு தொடங்கிட்டாங்க. இவ்வளவு நாளும் எங்க போனாங்க இந்த ஆக்கள்? ஏன் வாயைத் திறக்கல்ல எண்டு கேட்டா, எங்களிட்ட ஆரும் கேட்கல்லையே எண்டு சொல்றாங்க. எனக்கு இன்னும் அது ஆறல்ல. வெளியில வரேக்க வேலுவண்ணன் என்னைக் கடந்து போனார். படலை ஆடுது புள்ள, வந்து ஒழுங்கா நட்டுப்போட்டுப் போ எண்டார்.

சுகிர்தன் எழுதினான். நல்லாத்தான் எழுதினான். 'குளிர்த்திக்கு அடுத்த ஞாயிறு, கனகரெத்தினம் மூன்றாம் கம்பத்தில் நிற்காமல் ஓடினார்.'

மலர் வந்த அண்டைக்கே ஒண்டைத் தவமணியிட்டக் கொண்டு போய்க் குடுத்தன். அந்த வரியில விரலை வைச்சு எழுத்துக் கூட்டி வாசிச்சா. மலரை மூடி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில வைச்சா. நல்லாருக்கு எண்டு ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம், நான் பட்ட பாட்டுக்கு. அப்பிடி நினைச்சுக்கொண்டுதான் வந்தன்.

போன கிழமை, மரணச் சான்றிதழில கிடக்கிற திகதி வந்தது. மகள் வீட்டில மரக்கறி சமைச்சு, கனகுவின்ட படத்துக்கு மாலை போட்டு, திவசம். தவமணி போகல்லையாம் எண்டு கேள்விப்பட்டு, என்னவோ ஏதோ எண்டு மத்தியானம் ஓடிப் போனன்.

குசினியில இருந்தா. புட்டு அவிஞ்சு ஆவி பறந்துது. சட்டியில ஓரா மீன் ஆணம்.

"இண்டைக்கு அவர் உசிரோட இருந்தவர்தானே கா," எண்டுபோட்டு எனக்கும் ஒரு பீங்கான் எடுத்து வைச்சா.

நான் ரெண்டு தரம் வாங்கித் திண்டன்.